கணக்குப் பரீட்சைக்கு எந்தக் கேள்வித்தாள்?

மாசி பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் டெலிவிஷன் ஓடாது. விருந்தாளி வந்தாலும் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

மேஜை மீது ஒரு காகிதக் கட்டு ஏறும். அக்காள் வைத்திருந்தது கொஞ்சம். பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்தது கொஞ்சம். ஜெராக்ஸ் கடையில் அப்பா வாங்கி வந்தது மீதி.

எல்லாம் கணக்குக் கேள்வித்தாள்கள்!

பையன் ஒன்றை எடுப்பான். இரண்டு கணக்குப் போடுவான். மூன்றாவது, வகுப்பில் கேட்டே இராத கணக்காக இருக்கும்.

"எனக்குக் கணக்கு வராதும்மா" என்று பேனாவை வைத்துவிடுவான். அம்மாவுக்கு வயிற்றில் புளி கரையும்.

பையனைத் திட்டாதீர்கள். முதலில் அந்தக் கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

அக்காள் எழுதிய தாள்

தமிழக அரசின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் 2019-ம் ஆண்டில் மாறியது. கேள்வித்தாளும் மாறியது.

பழைய தாளில் கணங்களைப் பற்றிக் கேள்வி வரும். புதிய ஏற்பாட்டில் கணங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டன. பழைய தாளில் வட்ட நாற்கரம் வரையச் சொல்வார்கள். 2019-ல் வந்த புத்தகத்தில் அது இல்லை. அந்தப் புத்தகத்தில் 'மட்டு எண்கணிதம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பழைய தாளில் எத்தனை தேடினாலும் அது கிடைக்காது.

அப்படியானால் 2019-க்குப் பிறகு வந்த தாள் எல்லாம் சரியா? அங்கேயும் ஒரு சங்கதி உண்டு. கொரோனா காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. 2022-ல் நடந்தது, ஆனால் பாடத்தைக் குறைத்து நடத்தினார்கள். முழுப் பாடத்துக்கும் வந்த தாள் வேண்டும் என்றால் 2023 முதல் தேட வேண்டும். ஜூலையில் நடக்கும் துணைத் தேர்வுத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பலர் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

(சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தாள் எதுவும் பொருந்தாது. அங்கே எழுத்துத் தேர்வு 80 மார்க்குக்குத்தான்.)

எண்ணிப் பாருங்கள்

கணக்கே தெரியாத தாய்மார்கள் கூடத் தாளைச் சோதித்துவிடலாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

பழைய தாளில் 47 கேள்விகள். கடைசி இரண்டும் பத்துப் பத்து மார்க்கு. புதிய தாளில் 44 கேள்விகள். முதல் 14-ம் ஒரு மார்க்கு. அடுத்த 14-ல் பத்துக்கு விடை எழுதினால் போதும். ஒவ்வொன்றும் 2 மார்க்கு. அதற்கடுத்த 14-லும் பத்து. ஒவ்வொன்றும் 5 மார்க்கு. 28-வது கேள்வியும் 42-வது கேள்வியும் கட்டாயம். 43-ம் 44-ம் எட்டு எட்டு மார்க்கு. ஆக 100.

கட்டில் 47 உள்ள தாளைத் தனியே எடுத்து வையுங்கள். எறிய வேண்டாம். இயற்கணிதம், முக்கோணவியல் கணக்குகளைப் பொறுக்கிப் போட்டுப் பார்க்க உதவும்.

35 மார்க்கு எங்கே?

எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாள் என்பதுதான் அடுத்த விஷயம்.

'பாஸ் ஆனால் போதும்' என்று கவலைப்படுகிற வீட்டில் முழுத் தாளையும் முதல் நாளே நீட்டக்கூடாது. கடைசி இரண்டு கேள்விகளைப் பாருங்கள். ஒன்று வடிவியல் படம் வரைவது. மற்றொன்று வரைபடம். இரண்டுக்கும் 16 மார்க்கு. ஒரு மார்க்குக் கேள்விகள் 14. மொத்தம் 30. இன்னும் மூன்று இரண்டு மார்க்குக் கணக்கு சரியாகப் போட்டால் 36! தேறுவதற்கு 35 போதும்.

ஆகவே நாலைந்து தாள்களை எடுத்து, அந்த இரண்டு கேள்விகளை மட்டும் முதலில் போடச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பிள்ளையின் முகம் தெளிவதைப் பார்க்கலாம்.

தொண்ணூறு வாங்குகிற பிள்ளைக்கு இது உதவாது. புத்தகக் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும். எண்ணை மாற்றிக் கேட்டால் திகைக்கும். அதற்குப் பெற்றோர்-ஆசிரியர் கழகத்தின் மாதிரித் தாள்களும், மற்றப் பள்ளிகளின் திருப்புதல் தேர்வுத் தாள்களும் நல்லவை. கைடுகளில் உள்ள தாள்களும் உண்டு. சிலவற்றில் விடையே தப்பாக இருக்கும். பிள்ளை போட்ட விடையும் கைடும் ஒத்துவரவில்லை என்றால், உடனே பிள்ளையைக் குறை சொல்லாமல் வாத்தியாரிடம் காட்டுவது நல்லது.

ஒளித்து வைக்க வேண்டிய தாள்

கடைசியாக வந்த இரண்டு பொதுத்தேர்வுத் தாள்களைப் பிள்ளை கண்ணில் காட்டாதீர்கள். அரிசிப் பானைக்குள் வைத்தாலும் சரி! பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒன்றை எடுங்கள். காலையில் உட்கார வையுங்கள். தாளைப் படிக்கவும் பெயர் விவரம் எழுதவும் கால்மணி. பிறகு மூன்று மணி நேரம். நடுவில் காப்பி கூடாது.

திருத்தும்போது மார்க்கை மட்டும் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள். தெரியாமல் விட்டதா? தெரிந்தும் தப்பியதா? நேரம் போதவில்லையா? கூம்பின் கன அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு எடுக்க மறப்பது ஒரு ரகம். கூம்பு எது என்றே புரியாதது வேறு ரகம். முதலாவதற்கு இன்னொரு தாள் போதும். இரண்டாவதற்குப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

உட்காரும் முன்பே காம்பஸ், அளவுகோல், சீவிய பென்சில் எல்லாம் எடுத்து வைக்கட்டும். பரீட்சை ஹாலில் பென்சில் சீவுகிற நேரமும் அந்த மூன்று மணியில்தான் கழியும்.