தோலுக்கு ஒரு சாரம்

உயர்ந்த சுவர் எழுப்புவோர் முதலிற் சாரம் கட்டுவர். அதன்மேல் நின்று கொத்தர் கல்லடுக்குவர். சுவர் முற்றியதும் சாரம் அவிழ்க்கப்படும்; பின் அதனை நினைப்பார் இலர். தீயால் வெந்த உடம்புக்கும் இத்தகையதொரு சாரம் வேண்டும் என்பது இக்கால மருத்துவம் கண்ட உண்மையாகும்.

மேற்றோல் மட்டும் வெந்தால் அது தானே வளரும். உட்டோலும் முற்றாக வெந்துவிடின், உடம்பின் பிறிதோரிடத்துத் தோலை எடுத்து ஒட்டுதலே பழைய வழி. உடம்பிற் பெரும்பகுதி வெந்தவருக்கு எடுத்து ஒட்டத் தோல் ஏது? மூடப்படாத புண்ணினின்றும் நீர் வடியும்; கிருமி புகும். அனலைதீவிலிருந்து வள்ளமேறி ஊர்காவற்றுறை வந்து, பின் யாழ்ப்பாணம் சேரவேண்டிய நம்மவர்க்கு இதன் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1981இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துச் சத்திரவைத்தியர் யோன் பேர்க்கும் அறிஞர் யன்னாசும் ஒரு செயற்கைத் தோலைப் பற்றி அறிவித்தனர். மாட்டினின்றும் பெற்ற கொலாஜன் என்னும் புரதத்தோடு, சுறாவின் குருத்தெலும்பினின்றும் பெற்றதொரு பொருளைக் கலந்து, நுண்டுளைகள் நிறைந்த படலம் செய்தனர். பத்து நோயாளரின் புண்களில் அதனை இட்டனர். உடம்பின் உயிரணுக்கள் துளைகளிற் குடிபுகுந்து புதிய உட்டோலை ஆக்கின. படலமோ மெல்லக் கரைந்தொழிந்தது. அவிழ்ப்பாரின்றித் தானே அவிழ்ந்த சாரம் அது!

ஆயின் நம் உட்டோல் வெறும் பஞ்சு அன்று. மெல்லிய இழைகளாலான நெசவு. அவ்விழைகளின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 500 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கே நனோமீற்றர். இவ்வளவு நுண்ணிய இழையை நூற்கும் கதிர் யாது? மின்சாரமே. இழையாகும் பொருளின் கரைசலை ஊசிமுனையில் நிறுத்திப் பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் கொடுத்தால், துளி நீண்டு இழையாய்ப் பாய்ந்து, உலர்ந்து, எதிரேயுள்ள தகட்டிற் பாயாகப் படியும். இம்முறைக்கு 1934இலேயே போமால்ஸ் என்பார் காப்புரிமை பெற்றார். தஞ்சாவூர்ச் சாஸ்திரா பல்கலைக்கழகத்தார், நுண்ணுயிர்கள் ஆக்கும் ஒரு பொருளை இவ்வாறு இழையாக்கித் தோற்புண்ணுக்கு உதவுமாறு ஆராய்ந்துள்ளனர்.

இயற்கை தரும் இழைப்பொருள்களுள் ஒன்று நம் கரையிலேயே கிடக்கின்றது. நண்டோட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணத்தைப் போக்கி, காரத்தாற் புரதத்தைக் களைந்தால் எஞ்சுவது கைற்றின். அதனைக் கடுங்காரத்திற் காய்ச்சப் பெறுவது கைற்றோசான். இறாற் கோதினின்றும் பெற்ற கைற்றோசானால் ஆன, குருதி நிறுத்தும் கட்டுத்துணிக்கு அமெரிக்க அரசு 2002இல் அனுமதி வழங்கியது. கைற்றோசானைத் தனியே நூற்றல் அரிது. பிறபொருள் சேர்த்தே பெரும்பாலும் நூற்கின்றனர்.

குறையும் உண்டு. இவ்வாறு ஆக்கிய தோலில் வியர்வைச் சுரப்பியும் மயிரும் இயல்பாய் அமைவதில்லை. ஆய்வுகூடத்திற் கண்ட இழைகள் பலவும் நோயாளியின் படுக்கையை இன்னும் அடைந்தில. எனினும், நாம் சதையைத் தின்று ஓட்டை மணலில் எறிகின்றோம். அவ்வோட்டினுள் வெந்தாருக்கு ஆகும் ஆடை ஒளிந்திருக்கின்றது. அனல் என்னும் சொல்லைப் பெயரிலே தாங்கிய இத்தீவின் மாணவருள் ஒருவரேனும் அதனை நூற்கக் கற்பாராக.