வீட்டில் ஒரு விமானி அறை



அறிவியல் கண்காட்சியில் நான் வைத்திருந்த விமானி அறை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் இயற்பியல் ஆசிரியர் அதில் உட்கார்ந்து கைப்பிடியை இடது பக்கம் திருப்பினார். விமானமோ வலது பக்கம் சாய்ந்து, நேராகப் போய் ஒரு வயலில் விழுந்தது! எல்லோரும் சிரித்தீர்கள். நான், "சாஃப்ட்வேர் கோளாறு சார்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது உண்மை இல்லை. உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால், இப்படி ஓர் அறையை எதற்காகச் செய்கிறார்கள், எப்படிச் செய்வது என்று பார்ப்போமா?

ஆர்கன் தொழிற்சாலையில் பிறந்த விமானம்

தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் கருவிக்கு ஃப்ளைட் சிமுலேட்டர் என்று பெயர். இது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் பியானோ, ஆர்கன் தயாரித்து வந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்தி உண்டு அல்லவா? அந்தத் துருத்திகளையே வைத்து, மேலும் கீழும் சாயும் ஒரு குட்டி விமானத்தை 1929-ல் அவர் செய்தார். முதலில் அதைப் பெரும்பாலும் பொருட்காட்சி விளையாட்டாகத்தான் பார்த்தார்கள்.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டு போகும் வேலை வந்தது. மேகத்துக்குள்ளும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. சில வாரங்களில் பல விமானிகள் இறந்து போனார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் 6 கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள்.

ஆக, சிமுலேட்டர் என்பது தப்பு செய்வதற்கென்றே ஒதுக்கிய இடம். அங்கே விழுந்தால் எழுந்து வந்துவிடலாம். ஆகாயத்தில் அது முடியாது.

வீட்டுக்கு வந்த கதை

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982-ல் வந்தது. பிறகு எக்ஸ்-ப்ளேன் வந்தது. ஃப்ளைட்கியர் என்ற மென்பொருள் முழுவதும் இலவசம். எங்கள் வீட்டில் இருப்பது அதுதான். கீபோர்டை வைத்தே ஓட்டலாம். ஆனால் அது விமானம் ஓட்டுகிற மாதிரி இருக்காது, டைப் அடிக்கிற மாதிரி இருக்கும்! அதனால்தான் உலகம் முழுவதும் பலர் நாற்காலி, கைப்பிடி, சுவிட்ச் எல்லாம் வைத்து வீட்டிலேயே விமானி அறையைக் கட்டுகிறார்கள். போயிங் 737-ன் முழு அறையையும் வருடக்கணக்கில் உட்கார்ந்து கட்டியவர்கள்கூட உண்டு.

நாங்கள் தேர்ந்தெடுத்தது செஸ்னா 172. ஒரு இன்ஜின், நாலு இருக்கை. முதன்முதலில் 1955-ல் பறந்தது. உலகத்தில் மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் இதுதான், 40,000-க்கும் மேல். சுவிட்சுகள் குறைவு என்பதால் நம்மால் செய்ய முடியும்.

செய்முறை

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார்.

1. முதலில் அட்டை. "மரத்துல கை வைக்காதடா, அட்டைப்பெட்டியில செஞ்சு உட்கார்ந்து பாரு" என்றார் அண்ணன். உட்கார்ந்தால் முழங்கால் இடித்தது! அட்டையில் மூன்று தடவை மாற்றிய பிறகுதான் பிளைவுட்டை அறுத்தோம்.

2. பலகை. விமானி முன்னால் ஆறு முக்கியக் கருவிகள் இருக்கும். மேல் வரிசையில் வேகம் காட்டுவது, விமானத்தின் சாய்வு காட்டுவது, உயரம் காட்டுவது. கீழ் வரிசையில் திரும்பும் வேகம், திசை, ஏறி இறங்கும் வேகம். பிளைவுட்டில் 8 செ.மீ. அகலத்தில் ஆறு வட்ட ஓட்டைகள் போட்டு, பின்னால் ஒரு பழைய மானிட்டரை வைத்தோம். முள் எல்லாம் திரையில்தான் ஓடுகிறது. முன்னால் இருந்து பார்த்தால் நிஜக் கருவி மாதிரியே இருக்கும்.

3. கைப்பிடி. இதற்கு யோக் என்று பெயர். திருப்பினால் விமானம் பக்கவாட்டில் சாயும். இழுத்தால் மூக்கு மேலே போகும், தள்ளினால் கீழே போகும். பிவிசி பைப்பில் கைப்பிடி செய்தோம். முன்னும் பின்னும் நகர, மேஜை டிராயரில் போடும் சேனல். கையை விட்டதும் நடுவுக்குத் திரும்பி வர, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினோம்.

4. மூளை. கைப்பிடி எவ்வளவு திரும்பியது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ரேடியோவில் வால்யூம் குமிழ் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு பொட்டென்ஷியோமீட்டர். அதற்கு மூன்று கால்கள். ஓரத்துக் கால்கள் இரண்டில் ஒன்றுக்கு 5 வோல்ட், இன்னொன்றுக்கு 0 வோல்ட் கொடுக்க வேண்டும். திருப்பத் திருப்ப நடுக்காலில் மின்னழுத்தம் 0-க்கும் 5-க்கும் நடுவே மாறும். ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு அதை 0 முதல் 1023 வரை எண்ணாக மாற்றும். கம்ப்யூட்டர் அந்த போர்டை ஜாய்ஸ்டிக் என்றே நினைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய குமிழ் எங்களுக்குச் சரிப்படவில்லை. காதுக்கு ஏற்ற மாதிரி அது சீராக இல்லாமல் ஏறும். கடையில் 'லீனியர்' என்று கேட்டு வாங்குங்கள்.

இடது எப்படி வலது ஆனது?

இப்போது அந்த உண்மைக்கு வருகிறேன். வீட்டில் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தது. பள்ளிக்குக் கொண்டு வருவதற்காக ஒயர்களைக் கழற்றினோம். கண்காட்சி அன்று காலையில் அவசர அவசரமாக நான் மாட்டினேன். ஓரத்துக் கால்கள் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டேன். 0 இருந்த இடத்தில் 5, 5 இருந்த இடத்தில் 0. அவ்வளவுதான், இடது வலதாகிவிட்டது! சாஃப்ட்வேர் ஒரு தப்பும் செய்யவில்லை.

சார் உட்காரும் முன் ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. கேட்டபோது பழியை சாஃப்ட்வேர் மேல் போட்டேன். வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதே தப்பு நிஜ விமானத்துலயும் நடந்திருக்குடா" என்று இரண்டு சம்பவங்களைச் சொன்னார்.

2018 நவம்பர் 11. போர்ச்சுகல் நாட்டில் பராமரிப்பு வேலை முடிந்து ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190 விமானம் ஒன்று கிளம்பியது. உள்ளே 6 பேர். இறக்கையில் விமானத்தைச் சாய்க்கும் மடிப்புகளுக்கு எய்லரான் என்று பெயர். அவற்றின் கேபிள்கள் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. புறப்படும் முன் செய்த சோதனைகளிலும் அது கண்ணில் படவில்லை. மேலே போனதும் விமானம் கட்டுக்கு அடங்காமல் புரண்டது. விமானிகள் போராடி, மூன்றாவது முயற்சியில் பெஜா விமான தளத்தில் இறக்கினார்கள். 6 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

இன்னொன்று 1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் போயிங் மாடல் 299 என்ற புது விமானம் சோதனைக்குக் கிளம்பியது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க, அசையும் பாகங்களுக்கு ஒரு பூட்டுப் போடுவார்கள். அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். விமானம் செங்குத்தாக ஏறி விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் அனுபவம் மிகுந்த விமானி. அதன் பிறகு, ஞாபகத்தை மட்டும் நம்பக் கூடாது என்று, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்துப் படித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டு வந்தார்கள். அதுதான் செக்லிஸ்ட். இன்றைக்கும் செஸ்னா 172-ன் செக்லிஸ்டில், 'கைப்பிடி தடையில்லாமல் அசைகிறதா, சரியான பக்கம் அசைகிறதா' என்று ஒரு வரி உண்டு.

கட்டைவிரல் கணக்கு

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரல்களை மேலே நீட்டுங்கள். இடது பக்கம் திருப்புங்கள். கட்டைவிரல்கள் இடது இறக்கையைக் காட்டும். அந்தப் பக்கத்து எய்லரான் மேலே தூக்கியிருக்க வேண்டும். வலது பக்கத்துக்கும் அப்படியே. கட்டைவிரல் காட்டும் பக்கம் மேலே! பத்து விநாடி வேலை.

செய்ய நினைப்பவர்களுக்கு

* யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 230 வோல்ட் வரும் எதையும், பழைய டப்பா மானிட்டரையும், திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.
* ஒவ்வொரு ஒயரிலும் பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டுங்கள். (இப்போது ஒட்டிவிட்டேன்!)
* விமானம் கீழே போகிறதே என்று பயந்து கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். மூக்கு அதிகமாகத் தூக்கினால் இறக்கை மேல் ஓடும் காற்று பிய்ந்துபோகும். தூக்கும் விசை குறைந்துவிடும். மூக்கைச் சற்றுக் கீழே இறக்கி வேகம் எடுக்க விட வேண்டும். நான் 11 முறை விழுந்தது இப்படித்தான்.
* வீட்டு சிமுலேட்டரில் ஓட்டும் மணிக்கணக்கு விமானி உரிமத்துக்குச் சேராது. அதிகாரிகள் அங்கீகரித்த கருவியும் நிஜ விமானமும்தான் கணக்கில் வரும். நாற்காலி நிஜமாகச் சாயாது, காற்று உலுக்காது. அதனால் "எனக்கு விமானம் ஓட்டத் தெரியும்" என்று யாரிடமும் பீற்றிக்கொள்ளாதீர்கள்.

நிறைவாக

தப்பு செய்வதற்கென்றே ஒரு கருவியைச் செய்துவிட்டு, தப்பு நடந்ததும் நானே அதை மறைத்துவிட்டேன். லிங்க் துருத்தியை வைத்து அந்தக் கருவியைச் செய்தது, விழுந்தவன் எழுந்து எதனால் விழுந்தோம் என்று பார்ப்பதற்காக. அன்றே "ஒயரை மாற்றி மாட்டிட்டேன் சார்" என்று சொல்லியிருந்தால், எல்லோரும் அங்கேயே ஒரு பாடம் கற்றிருக்கலாம். சார், மன்னித்துவிடுங்கள்.

இப்போது எங்கள் பலகையின் ஓரத்தில் ஒரு செக்லிஸ்ட் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துத்தான். முதல் வரி: 'கட்டைவிரலைப் பார்.' அடுத்த கண்காட்சியில் சார் மறுபடியும் வந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் தடவை இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம்தான் போகும்!



— 9-ஆம் வகுப்பு மாணவன்