சேர்த்ததற்குச் சாட்சி உண்டு, நீக்கியதற்கு?

பாடநூலில் மதம் தலையிடுகிறது என்று பேச்சு எழுந்தால், எதையோ புதிதாகத் திணித்துவிட்டார்கள் என்றே முதலில் நினைக்கிறோம். போராட்டம் நடப்பதும் வழக்குத் தொடுப்பதும் அதற்கு எதிராகத்தான். ஆனால், இந்தத் தகராறில் நூறாண்டு அனுபவமுள்ள அமெரிக்காவைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. உயிரியல் பாடத்தில் திணிக்கப் பார்த்தவை பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்றன. நீக்கியவையோ பல்லாண்டுக் காலம் கேள்வி கேட்பாரின்றி நிலைத்தன. மத நம்பிக்கையின் பேரில் பாடத்திட்டத்தை வளைக்க நினைப்பவர்களின் உண்மையான பலம் நீக்குவதில்தான் இருக்கிறது. சட்டமும் பொதுமக்களின் விழிப்பும் அந்தப் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை.

1925-இல் டென்னசி மாநிலம் பட்லர் சட்டத்தை இயற்றியது. மனிதன் தாழ்ந்த விலங்கினத்திலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். அதே ஆண்டு ஜூலையில், டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் விசாரிக்கப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டுக்கு அடிப்படையாக இருந்த ‘சிவிக் பயாலஜி’, அந்த மாநிலமே பள்ளிகளுக்கு அங்கீகரித்திருந்த பாடநூல். அவருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத் தொகையை ஜூரிகள் முடிவு செய்யாமல் நீதிபதியே முடிவு செய்தது தவறு என்று 1927-இல் தண்டனை ரத்தானது. சட்டம் மட்டும் தப்பியது. நாடெங்கும் பத்திரிகைகள் பழமைவாதிகளைக் கேலி செய்ததால், அறிவியல் வென்றதாகவே பலர் இன்றும் நினைக்கிறார்கள். பாடநூல்கள் அப்படிச் சொல்லவில்லை. மறு ஆண்டே வெளிவந்த அந்நூலின் திருத்திய பதிப்பில் பரிணாமம் மங்கிப்போனது. மற்றப் பதிப்பகங்களும் அதே வழியில் போயின. தென் மாநிலங்கள் பலவற்றில் மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் பாடநூலைத் தேர்வு செய்தார்கள். அந்தச் சந்தையை இழக்க எந்தப் பதிப்பகமும் விரும்பவில்லை. அதனால், தடையே இல்லாத மாநிலங்களின் மாணவர்களும் அடக்கி எழுதிய நூலையே படித்தார்கள். 1957-இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் ஏறி, அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சம் அமெரிக்காவைப் பிடித்த பிறகே, கூட்டரசின் பணத்தில் புதிய உயிரியல் நூல்கள் எழுதப்பட்டு 1963-இல் பரிணாமம் வகுப்புக்குத் திரும்பியது. பட்லர் சட்டம் நீங்கியது 1967-இல். யார் மீதும் அதைப் பெரிதாகப் பயன்படுத்த வேண்டிய தேவையே இடையில் எழவில்லை. அச்சகத்துக்குப் போகும் முன்பே வேலை முடிந்துவிட்டது.

திணிப்பின் கதை இதற்கு நேர்மாறானது. 1968-இல் ஆர்கன்சா மாநிலத்தின் பரிணாமத் தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், எதிர்த்தரப்பு உத்தியை மாற்றியது. பரிணாமத்தைச் சொன்னால், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புக் கொள்கைக்கும் சம நேரம் கொடு என்று 1981-இல் ஆர்கன்சாவும் லூசியானாவும் சட்டம் போட்டன. முன்னது 1982-இல் கூட்டரசு நீதிமன்றத்திலும், பின்னது 1987-இல் உச்ச நீதிமன்றத்திலும் விழுந்தன. அடுத்து வந்தது, உயிர்களை ஓர் அறிவார்ந்த சக்தி வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் அதை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும் அறிக்கையை வகுப்பில் வாசிக்கச் சொன்னது. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். வாரியம் சிபாரிசு செய்த நூலின் பழைய வரைவுகள் விசாரணையில் வெளிவந்தன. 1987 தீர்ப்புக்குப் பிறகு, ‘படைப்புவாதிகள்’ என்றிருந்த இடங்களில் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் இரு சொற்களும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகக் கிடந்தன. 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். சேர்க்க வேண்டுமானால் எழுத வேண்டும், எழுதினால் வரைவும் கூட்டக் குறிப்பும் மேடைப் பேச்சும் மிஞ்சும். அவையே சாட்சிகள்.

நீக்கியதற்கு அப்படிச் சாட்சி கிடைப்பது அரிது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் 900-க்கும் மேற்பட்ட உயிரியல் ஆசிரியர்களிடம் பெர்க்மன், புளுட்சர் என்ற அரசியல் அறிஞர்கள் 2007-இல் எடுத்த கணிப்பு இதைக் காட்டுகிறது. படைப்புக் கொள்கையை ஆதரித்துக் கற்பித்தவர்கள் சுமார் 13 சதவீதம். பரிணாமத்தை முறையாகக் கற்பித்தவர்கள் 28 சதவீதம். மீதமுள்ள சுமார் 60 சதவீதத்தினர் எந்தப் பக்கமும் சாயாமல் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்தார்கள். நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் அந்த 13 சதவீதத்தைத்தான் எட்டும். பாடத்தை மேலோட்டமாக முடித்துக்கொண்ட ஆசிரியர் மீது என்ன வழக்குப் போடுவது?

இந்தக் கேள்வி நமக்கும் அயலானதல்ல. 2018 ஜனவரியில், அன்றைய மத்திய மனிதவளத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வினின் கொள்கை அறிவியல்படி தவறு, பள்ளிப் பாடத்தில் அதை மாற்ற வேண்டும் என்றார். விஞ்ஞானிகள் கண்டித்தார்கள், விஷயம் ஓய்ந்தது. ஐந்தாண்டு கழித்து, மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்ற பாடம் வெறும் ‘மரபுவழி’ ஆகிவிட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு மாணவர் சுமையைக் குறைக்கவே நீக்கினோம், பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடம் இருக்கிறது என்றது நிறுவனம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலை எடுக்காதவர்களுக்கு அது கிடைக்காது என்பது ஒருபுறம். அமைச்சர் பேச்சுக்கும் இந்த நீக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் கிடைக்காதபடி நீக்க முடிகிறது என்பதே சிக்கல். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் மதபோதனை கூடாது என்கிறது நம் அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு. ஒரு பாடத்தை எடுத்துவிடுவதை அது தொடுவதே இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, ஸ்கோப்ஸ் வழக்கில் அரசுத் தரப்புக்காக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வைத்தது: வரி கட்டும் மக்களின் பள்ளி, எனவே மக்கள் சொல்வதையே கற்பிக்க வேண்டும். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த ‘சிவிக் பயாலஜி’யே மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்தது, பிறப்புத் தகுதி பார்த்து மனிதரைப் பெருக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையைப் போற்றியது. அறிஞர்கள் எழுதியதாலேயே ஒரு நூல் தூய்மையாகிவிடாது. ஆனால், அந்தப் பிழைகள் விழுந்தது வெளிப்படையான ஆய்விலும் விவாதத்திலும்தான். எதைக் கற்பிக்க வேண்டும் என்று மக்கள் முடிவு செய்யலாம். எது உண்மை என்பதை வாக்கெண்ணிக்கை முடிவு செய்யாது. இரண்டாவது மறுப்பு, மதமே இல்லாத பாடநூலும் ஊனமானது என்பது. சரிதான். பள்ளியில் வழிபாடாகப் பைபிள் வாசிப்பதை 1963-இல் தடுத்த அமெரிக்க உச்ச நீதிமன்றமே, வரலாறாகவும் இலக்கியமாகவும் மதநூல்களைக் கற்பிக்கலாம் என்றது. மூன்றாவது, திணிப்பும் இப்போது வெல்லத் தொடங்கிவிட்டதே என்பது. 2024 நவம்பரில் டெக்சாஸ் கல்வி வாரியம் பைபிள் கதைகள் கொண்ட தொடக்கப் பள்ளிப் பாடத்தை 8-க்கு 7 என்ற வாக்கில் ஏற்றது. ஆனால், அந்த 7 பேர் எதை எதிர்த்தார்கள் என்று காட்ட அங்கே பக்கங்கள் இருந்தன.

ஆகவே, நீக்குவதற்கும் சேர்ப்பதற்கு உள்ள அதே நடைமுறை வேண்டும். என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் நீக்கங்களின் பட்டியலை வெளியிட்டது. ஆனால் காந்தி கொலை தொடர்பான சில வரிகள் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் நூலிலிருந்து போனது அந்தப் பட்டியலில் இல்லை. கவனக்குறைவாக இருக்கலாம் என்றார் இயக்குநர். அரசியல் நூல்களின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் 2023 ஜூனில் தங்கள் பெயரை எடுத்துவிடும்படி எழுதினார்கள். எழுதியவர்கள் பெயர் நூலில் இருக்கிறது, வெட்டியவர்கள் பெயர் இல்லை. எந்தப் பகுதி, என்ன காரணம், எந்த நிபுணர் பரிந்துரைத்தார் என்ற மூன்றையும் புதிய பதிப்பு அச்சாகும் முன்பே வெளியிட்டு, ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற விதி இருந்தால் போதும். நியாயமான நீக்கத்துக்கு அதனால் இழப்பில்லை. பாடச்சுமையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அதைப் பெயரும் கையெழுத்தும் போட்டுச் சொல்வதில் என்ன தயக்கம்?