வலம்புரியா, வேற்றினமா? சங்கின் வாய்க்குள்ளேயே இருக்கிறது சாட்சி!

டில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் புதுவீடு புகும்போது, ஊரிலிருந்து வந்து இறங்கும் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "பூஜை அறையில் ஒரு வலம்புரிச் சங்கு வையுங்கள். லட்சுமி கடாட்சம் பெருகும்" என்பார்கள். கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் வசிக்கும் தம்பதிகள் பூஜைச் சாமான் கடையைத் தேடிப் புறப்படுவார்கள். கடைக்காரர் சிவப்புத் துணியைப் பிரித்துப் பளபளவென்று வெண்மையான சங்கு ஒன்றை எடுத்து வைப்பார். சாதாரணச் சங்கைப்போல் பல மடங்கு விலை. "ஏங்க, இது நிஜ வலம்புரிதானா?" என்று மனைவி தமிழில் மெல்லக் கேட்பார். கணவருக்கும் தெரியாது. கடைக்காரர் சங்கை அவர் காதில் வைத்து, "ஓங்காரம் கேட்கிறதா?" என்பார். கேட்கத்தான் செய்யும். பணம் கைமாறிவிடும்.

அந்த ஓசையை நம்பிப் பயனில்லை. குழிவான எந்தப் பொருளைக் காதருகே வைத்தாலும் சுற்றுப்புறத்துச் சத்தம் அதற்குள் புகுந்து எதிரொலித்து 'ஓ' என்று கேட்கும். வீட்டில் காபி குடிக்கும் டம்ளரை வைத்துப் பார்த்தாலும் இதே ஓசை வரும். வெண்மையையும் நம்ப முடியாது. தேய்த்து மெருகேற்றினால் கடலில் கிடைக்கும் பல ஓடுகள் வெளுத்துவிடும். அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? அந்த ஓட்டுக்குள் வாழ்ந்த ஜீவன் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பிராணி சாஸ்திர நிபுணர்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் வேலை இது. அதில் ஒரு சிறு பகுதியைக் கற்றுக்கொண்டால் போதும், கடையிலேயே சோதித்துவிடலாம்.

சங்கு ஒரு வேட்டைக்காரன்

சங்கு என்றதும் நமக்குக் கோவிலும் திருமாலின் கையும் நினைவுக்கு வருகின்றன. குழந்தைக்குப் பால் புகட்டிய சங்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஓட்டைக் கட்டிய பிராணி சுத்த மாமிச பட்சிணி. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மணற்பாங்கான கடலடியில் மெல்ல ஊர்ந்து திரியும் இது, மணலில் புதைந்திருக்கும் புழுக்களைத் தேடித் தின்கிறது. ஓட்டின் ஒரு முனை குழாய்போல் நீண்டிருப்பது அழகுக்காக அல்ல. அந்த வழியாக உடலின் ஒரு பகுதியை நீட்டித் தண்ணீரை உள்ளே இழுத்து, இரையின் வாடையை அறிகிறது.

கடலில் வாழும் நத்தை இனங்களில் பாசியை மேய்ந்து பிழைக்கும் சாதுக்களும் உண்டு. மற்ற பிராணிகளை வேட்டையாடும் கூட்டமும் உண்டு. சங்கு இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் சொந்தக்காரர்களில் முள் சங்கு, சிப்பிகளின் ஓட்டைத் துளைத்தும் பிளந்தும் உள்ளே இருப்பதைத் தின்னும். கூம்புச் சங்கு, ஊசி போன்ற பல்லால் இரையின் உடலில் விஷத்தைச் செலுத்திவிடும். கூம்புச் சங்குகளில் ஒரு வகை கொட்டி மனிதர்களே இறந்திருக்கிறார்கள். மற்றொரு வகையின் விஷத்தைப் பின்பற்றித் தயாரித்த வலி நிவாரணி மருந்துக்கு அமெரிக்க அரசு 2004-ல் அனுமதி அளித்தது.

இவ்வளவு பெரிய கூட்டத்தை எப்படிப் பிரிப்பது? ஓட்டின் வடிவம், வாயின் அமைப்பு, நாக்கில் அரம்போல் அமைந்த பற்கள், உடலின் உள்ளமைப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார்கள். அண்மைக் காலத்தில் மரபணுச் சோதனையும் சேர்ந்துகொண்டது.

பேரிக்காய் என்று பெயர் வைத்தவர்

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1767-ல் நம் சங்கையும் பட்டியலில் சேர்த்தார். ஓடு பேரிக்காய் வடிவத்தில் இருந்ததால் 'பைரம்' என்று பெயரிட்டார். பேரிக்காயைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. அதை அவர் வைத்த இனத்தின் பெயர் 'வொல்யூட்டா'. ஓட்டின் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் தண்டில் மடிப்பு மடிப்பாக வரம்புகள் இருப்பதே அந்த இனத்துக்கு அவர் கொண்ட அடையாளம்.

பின்னால் வந்தவர்கள் அந்தப் பெரிய இனத்தைப் பல குடும்பங்களாகப் பிரித்தபோது, சங்குக்கு 'டர்பினெல்லா' என்ற தனி இனம் கிடைத்தது. இடையில் 'சாங்கஸ்' என்றொரு பெயரும் புத்தகங்களில் வழங்கியது. நம் சங்கு என்ற சொல்லே லத்தீன் உடை உடுத்திக்கொண்டதுதான் அது. எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்ற வழக்கு விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணையத்தின் முன் வந்து, 1950-களில் டர்பினெல்லாவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆகவே பூஜைச் சங்கின் முழுப்பெயர் இன்று 'டர்பினெல்லா பைரம்'. பெயர் எத்தனை முறை மாறினாலும் லின்னேயஸ் கவனித்த அந்த மடிப்பு வரம்புகள் மாறவில்லை.

சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் இந்தச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். கடலுக்குக் கடல் ஓட்டின் உருவம் கொஞ்சம் மாறும். சங்கு வியாபாரிகள் 'ஜாதி', 'பட்டி' என்று பிரித்தே விலை பேசினார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. சங்கின் குஞ்சுகள் முட்டைக் கூட்டிலிருந்து வெளிவரும்போதே ஊர்ந்து செல்லும் சிறு சங்குகளாக வருகின்றன. வேறு பல நத்தைகளின் குஞ்சுகளைப்போல் நீரோட்டத்தில் மிதந்து தூரதேசம் போவதில்லை. பிறந்த கடலிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்வதால் ஊருக்கு ஊர் சாயல் மாறுகிறது. சாயல் மாறினாலும் இனம் ஒன்றே.

வலமும் இடமும்

இனி வலம்புரிக்கு வருவோம். சங்கின் வால்முனை மேலே இருக்கும்படி, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், சாதாரணச் சங்குக்கு வாய் இடப்பக்கம் இருக்கும். அது இடம்புரி. அபூர்வமாக ஒன்றுக்கு வாய் வலப்பக்கம் அமைந்தால் அது வலம்புரி. விஞ்ஞானிகள் ஓட்டைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். சுருள் கொண்டையை மேலே வைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதனால் நாம் வலம்புரி என்பதை அவர்கள் இடச்சுருள் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சங்கு எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்பது, கரு இரண்டாகி, நான்காகிப் பிரியத் தொடங்கும் ஆரம்ப நிலையிலேயே முடிவாகிவிடுகிறது. வலம்புரி தனி இனம் அன்று. இடம்புரியின் உடன்பிறப்பு, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் திரும்பிப் பிறந்தது. மிக அபூர்வமாகவே அப்படிப் பிறக்கிறது. அதனால்தான் அத்தனை மதிப்பு.

எங்கிருந்து வந்தது இந்தக் குவியல்?

அத்தனை அபூர்வமான பொருள் கடைக்குக் கடை எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் 'லைட்னிங் வெல்க்' என்ற நத்தை இனம் இருக்கிறது. ஓட்டில் மின்னல்போல் கோடுகள் ஓடுவதால் இந்தப் பெயர். டெக்ஸாஸ் மாநிலம் 1987-ல் இதைத் தன் மாநிலச் சின்னமாகவே ஏற்றது. இதன் விசேஷம் என்னவென்றால், இந்த இனத்தில் பிறப்பவை ஏறக்குறைய எல்லாமே நம் வலம்புரி திரும்பும் பக்கமே திரும்பியிருக்கும். அங்கே அது சர்வ சாதாரணம்.

இதுவும் வேட்டையாடும் நத்தைதான். ஆனால் இரை வேறு, குடும்பம் வேறு. சங்கு புழுவைத் தேடுகிறது. இது மட்டிகளின் ஓட்டை உடைத்துத் திறந்து தின்கிறது. மேலே உள்ள கோடுகளைத் தேய்த்து வெளுப்பாக்கிவிட்டால் பழக்கமில்லாத கண்ணுக்கு வலம்புரியாகவே தெரியும். அமெரிக்காவில் அலங்காரப் பொருளாக விற்பது இங்கே பூஜைப் பொருளாகிவிடுகிறது. 'வெளுத்ததெல்லாம் பால்' என்று நம்பியவர் ஏமாறுகிறார். கடைக்காரர்களிலும் பலர் விஷயம் தெரியாமலே வாங்கி விற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் லின்னேயஸ் கவனித்த அடையாளம் கைகொடுக்கிறது. சங்கின் வாயை வெளிச்சத்தில் திருப்பி, உள்ளே நடுத்தண்டைப் பார்க்க வேண்டும். உண்மையான சங்கானால் தண்டின் மேல் மூன்று அல்லது நான்கு தடித்த வரம்புகள் குறுக்காக ஓடும். விரலை விட்டால் தட்டுப்படும். அமெரிக்க நத்தையில் அந்த வரம்புகள் கிடையாது. தண்டு வழவழவென்று இருக்கும். மேலும் அதன் வாய் அகன்றும், வால் நீண்டும், ஓடு எடை குறைந்தும் இருக்கும். நம் சங்கு பீங்கான்போல் கெட்டியானது, கையில் கனக்கும். லின்னேயஸ்கூட இவை இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. அமெரிக்க நத்தையை 1758-லேயே முள் சங்குகளோடு வேறு இனத்தில் சேர்த்திருந்தார்.

ஜன்பத்தில் ஒரு சாட்சி

சங்கின் உள்ளமைப்பை வைத்து இனம் காணும் வித்தை பூஜைக் கடைக்கு மட்டும் பயன்படுவதில்லை. புதுடில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் ஹரப்பா பகுதியில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சங்குப் பொருள்களைக் காணலாம். கடலுக்கு வெகு தூரத்தில் வாழ்ந்த மக்கள் சங்கு வளையல் அணிந்தார்கள். டில்லிக்கு அருகே ஹரியானாவில் உள்ள ராகிகடியிலும் அத்தகைய வளையல்கள் கிடைத்திருக்கின்றன. குஜராத் கடலோரத்தில் நாகேஷ்வர் என்ற இடத்தில் சங்கு அறுக்கும் பட்டறையே இருந்தது.

உடைந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு இது எந்த நத்தையின் ஓடு என்று அகழ்வாய்வாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? வளைவின் வட்டம், சுவரின் தடிப்பு, சுருளும் சுருளும் சேரும் தடம் ஆகியவை காட்டிக் கொடுக்கின்றன. பெரும்பாலான வளையல்கள் நம் டர்பினெல்லா சங்கிலிருந்து அறுக்கப்பட்டவை. கரண்டிகளோ முள் சங்கிலிருந்து செய்யப்பட்டவை. அதன் குடம்போன்ற வயிறு கரண்டிக்கு ஏற்றது. சங்கில் சுருள்கள் சேரும் இடத்தில் இயற்கையாகவே ஒரு பள்ளம் விழும். அதை மறைக்க அந்தக் காலத்துத் தொழிலாளி அங்கே 'வி' வடிவத்தில் கோடு செதுக்கினான். குறையே அலங்காரமாயிற்று. எந்த ஓடு எந்த வேலைக்கு ஆகும் என்று இனம் பிரித்து வைத்திருந்த அந்தத் தொழிலாளி, லின்னேயஸுக்கு மூத்தவன்!

அந்தத் தொழில் அறுந்துபோகவில்லை. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் மூழ்கி எடுத்த சங்குகள் நெடுங்காலமாகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. டில்லி சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளிச் சுமங்கலி அணியும் வெள்ளை வளையல் அந்த மரபில் வந்ததே.

சட்டத்துக்கும் பெயர் தேவை

விடுமுறைக்கு ஊர் போய்விட்டுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ திரும்புகிறவர்கள் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் வாங்கிய ஓடுகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதுண்டு. இவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001-ல் பல கடல் நத்தைகள் சேர்க்கப்பட்டன. தலைக்கவசம்போல் கனத்த 'காஸிஸ் கார்னூட்டா', ஊதுகுழல்போல் நீண்ட 'காரோனியா டிரைட்டோனிஸ்' ஆகிய இரண்டும் புலிக்குச் சமமாக முதல் பட்டியலிலேயே இடம் பெற்றன. அவற்றை வைத்திருப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பூஜைச் சங்கு அந்த 2001-ம் ஆண்டுப் பட்டியலில் இல்லை. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் பட்டியல்கள் புதிதாக அடுக்கப்பட்டன.

காரணம் இல்லாமல் இந்தப் பாதுகாப்பு வரவில்லை. டிரைட்டோனிஸ், பவளத்தை அரித்துத் தின்னும் முள் நட்சத்திர மீனை வேட்டையாடுகிறது. வேட்டைக்காரனை அலமாரியில் வைத்தால், கடலில் பவளப்பாறையைக் காக்க ஒரு காவலாளி குறைகிறான். சட்டத்தின் பட்டியல் விஞ்ஞானப் பெயரில் இருப்பதால், கடைக்காரர் சொல்லும் பெயரோ வாங்குபவர் வைக்கும் பெயரோ வழக்கில் நிற்காது. பெயர் தெரியாத ஓட்டை வாங்காமல் விடுவதே புத்திசாலித்தனம்.

வலம்புரி வாங்க விரும்புகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். வால்முனை மேலிருக்கப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்க வேண்டும். வாய்க்குள் நடுத்தண்டில் வரம்புகள் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது அமெரிக்க நத்தையாக இருக்கலாம். இரண்டாவது மட்டும் இருந்தால் அது உண்மையான இடம்புரிச் சங்கு. தமிழ்நாட்டுக் கோவில்களில் காலங்காலமாக ஊதுவதும் அபிஷேகத்துக்கு எடுப்பதும் அதைத்தான். நியாயமான விலைக்கு அதை வாங்கிப் பூஜையில் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஜன்பத் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தப் பழைய வளையல்களைப் பார்த்து வருவதும் நல்லது.