உள்ளியைத் தாக்கும் வைரசுகளை இனங்காணல்

உள்ளி விதையினாலன்றிப் பற்களினாலேயே இனம்பெருக்கப்படுகிறது. ஆதலால் தாய்ச்செடியிற் புகுந்த வைரசு, பற்கள் வழியாக அடுத்த போகத்திற்கும் செல்லும். போகந்தோறும் வைரசுகள் சேரச் சேரக் குமிழ்கள் சிறுத்து விளைச்சல் குன்றும்.

அறிகுறிகள்: இலைகளில் நீளவாட்டில் மஞ்சட் கோடுகள் தோன்றும், செடி குட்டையாகும். ஆயினும் கண்ணாற் பார்த்து இன்ன வைரசெனத் துணிதல் இயலாது. ஒரே செடியிற் பல வைரசுகள் கூடியிருத்தல் வழக்கம். சில யாதோர் அறிகுறியையுங் காட்டா.

பரவும் விதம்: வெங்காய மஞ்சட் குட்டை வைரசும், லீக்ஸ் மஞ்சட் கோட்டு வைரசும் பொற்றி வைரசுச் சாதியைச் சேர்ந்தவை. இவற்றை அழுக்கணவன் பரப்பும். அலெக்சி வைரசுகளைப் பரப்பும் சிற்றுண்ணி, சேமித்த பற்களிலும் உயிர்வாழும்.

ஆய்வுகூடப் பரிசோதனை: இலையிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, டி.என்.ஏ. ஆக மாற்றப்பட்டு, பி.சி.ஆர். முறையாற் பெருக்கப்படும். பின்னர் அதன் நியூக்கிளியோதைட்டு ஒழுங்கு, முன்பறிந்த வைரசுகளின் ஒழுங்குடன் ஒப்பிடப்படும். பொற்றி வைரசுகளில் முழு ஒழுங்கும் 76 வீதத்திற்குக் குறைவாக ஒத்திருப்பின், அது வேறினமெனக் கொள்ளப்படும். வளர்நுனியை இழையவளர்ப்புச் செய்து பெற்ற நாற்றுக்கள் வைரசற்றவையா என்பதும் இப்பரிசோதனையாலேயே உறுதியாகும்.

கமக்காரர் கவனத்திற்கு: நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆகவே,

1. மஞ்சட் கோடுள்ள செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி அழித்தல் வேண்டும்.
2. நோயற்ற செடிகளை வளரும்போதே அடையாளமிட்டு, அவற்றிலிருந்தே நடுகைக்குப் பற்களை எடுத்தல் வேண்டும்.
3. சிறுத்த குமிழ்களை மலிவு கருதி நடுதல் கூடாது. இன்று மீதமாகும் பணம் அறுவடையில் நட்டமாகும்.
4. உள்ளித் தோட்டத்தருகே நோயுற்ற வெங்காயம், லீக்ஸ் என்பவற்றை விட்டுவைத்தல் கூடாது.

ஐயமுள்ளவிடத்து விவசாயப் போதனாசிரியரை நாடுக.