அரண்மனையிலிருந்து அவை வரை: வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு நடை

இலண்டன் என்று ஒரே பெயரால் வழங்கும் மாநகருக்குள் இரண்டு பழைய ஊர்கள் அடங்கியுள்ளன. வணிகர்கள் மதிலுக்குள் வாழ்ந்த ‘சிட்டி’ ஒன்று; அதற்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றின் வளைவில், ஒரு மடாலயத்தை ஒட்டி மன்னர்கள் அரண்மனை அமைத்துக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் மற்றொன்று. ‘மின்ஸ்டர்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் மடாலயக் கோயிலைக் குறிக்கும்; மேற்கே இருந்த கோயில் ஆதலால் ஊருக்கும் அதுவே பெயராயிற்று. இங்கிலாந்தின் அரசும் அரசியலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இந்தச் சிறு வட்டாரத்துக்குள்ளேயே நடந்து வந்திருப்பதால், பக்கிங்ஹாம் அரண்மனையில் தொடங்கி நாடாளுமன்றத்தில் முடியும் இரண்டு கிலோமீட்டர் சொச்சத் தொலைவை வழிகாட்டி ஒருவருடன் இரண்டு, மூன்று மணி நேரத்தில் நடந்து முடிப்பவர்கள், மன்னரின் கையிலிருந்த அதிகாரம் அவையின் கைக்கு மாறிய கதையையும், அந்த மாற்றத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சேர்த்தே அறிந்துகொள்கிறார்கள். இத்தகைய நடைகளை நடத்துபவர்களில் ‘புளூ பேட்ஜ்’ என்னும் நீல வில்லை அணிந்தவர்கள் நீண்ட பயிற்சியும் தேர்வும் கடந்து வந்தவர்கள். நெரிசலில் குழு சிதறிவிடாதிருக்க மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடக்கும் வழிகாட்டிகளை அங்கே எந்நாளும் காணலாம்.

பக்கிங்ஹாம் அரண்மனை அதன் புகழைவிட வயதில் மிக இளையது. 1703இல் பக்கிங்ஹாம் கோமகனுக்காகக் கட்டப்பட்ட மாளிகையை 1761இல் மூன்றாம் ஜார்ஜ் தம் மனைவிக்காக விலைக்கு வாங்கினார். அவருடைய மகன் நான்காம் ஜார்ஜ், ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அதை அரண்மனையாக விரித்துக் கட்டத் தொடங்கினார். 1837இல் பட்டத்துக்கு வந்த விக்டோரியாவே அதைத் தம் இருப்பிடமாகக் கொண்ட முதல் ஆட்சியாளர். படங்களில் பால்கனியோடு தெரியும் வெண்கல் முகப்பு 1913இல்தான் போர்த்தப்பட்டது. கூரையில் அரச இலச்சினைக் கொடி பறந்தால் மன்னர் உள்ளே இருக்கிறார் என்றும், யூனியன் கொடி பறந்தால் இல்லை என்றும் பொருள். காவல் மாற்றும் சடங்கைக் காணக் கம்பி வேலியருகே ஒரு மணி நேரம் காத்திருந்து, முன்னால் நிற்பவர்களின் தலைகளை மட்டும் பார்த்துத் திரும்புவோர் ஏராளம். அதே காவலரில் ஒரு பிரிவினர் புறப்பட்டு வரும் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைப் பக்கம் போய் நிற்பதே புத்திசாலித்தனம்.

அந்தச் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை, தொழுநோயாளர் இல்லம் இருந்த இடத்தில் 1530களில் எட்டாம் ஹென்றி கட்டிய செங்கல் கட்டடம். மன்னர் இங்கு வசிப்பதில்லை எனினும், பிரிட்டனுக்கு வரும் வெளிநாட்டுத் தூதர்கள் இன்றும் ‘செயின்ட் ஜேம்ஸ் அரசவை’க்கே அனுப்பப்படுவதாக ஏட்டில் எழுதப்படுகிறது. 2022 செப்டம்பர் 10 அன்று மூன்றாம் சார்லஸ் மன்னரானதைக் கட்டியக்காரர் உரக்க அறிவித்ததும் இதன் மாடத்திலிருந்துதான்.

செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைக் கடந்து, குதிரைப்படைக் காவலகமான ஹார்ஸ் கார்ட்ஸின் வளைவு வழியே ஒயிட்ஹால் சாலைக்குள் நுழைகையில், மேலே கடிகாரத்தில் இரண்டு என்ற எண்ணருகே உள்ள கறுப்பு அடையாளத்தைச் சுட்டிக்காட்டாத வழிகாட்டி இல்லை. அதன் பொருள் சாலையின் எதிர்ப்புறம் நிற்கிறது. பேங்குவிட்டிங் ஹவுஸ் எனப்படும் அந்த விருந்து மண்டபம் 1622இல் இனிகோ ஜோன்ஸ் கட்டி முடித்தது; அதைச் சூழ்ந்திருந்த பெரிய ஒயிட்ஹால் அரண்மனை 1698இல் தீக்கிரையானபோது எஞ்சியது. மன்னன் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற கொள்கைக்கு ‘தெய்விக உரிமை’ என்று பெயர். அதில் ஊறிய முதலாம் சார்லஸ், தம் தந்தை விண்ணுலகுக்கு உயர்த்தப்படும் காட்சியை ரூபன்ஸ் என்ற ஃபிளெமிஷ் ஓவியரிடம் வரையச் சொல்லி, அந்தப் படங்களை மண்டபத்தின் விதானத்தில் பதித்தார். வரி விதிப்பதிலும் மதத்திலும் நாடாளுமன்றத்தோடு அவர் கொண்ட பிணக்கு உள்நாட்டுப் போராக முற்றி, அதில் அவர் தோற்ற பின், 1649 ஜனவரி 30 அன்று அதே விதானத்தின் கீழே நடத்திச் செல்லப்பட்டு, சன்னல் வழியே வெளியே அமைத்திருந்த மேடைக்கு வந்தார். கடுங்குளிரில் உடல் நடுங்கினால் அச்சத்தால் நடுங்குவதாக மக்கள் எண்ணிவிடுவார்களோ என்று அன்று அவர் இரண்டு சட்டைகள் அணிந்திருந்தார். பிற்பகல் இரண்டு மணியளவில் தலை வெட்டப்பட்டது.

அதே சாலையில் சில நிமிடம் தெற்கே நடந்தால் வரும் டவுனிங் தெருவும் இந்தக் கொலைத் தண்டனையோடு தொடர்புள்ளதுதான். தெருவுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் டவுனிங், மன்னராட்சியை வீழ்த்திய ஆலிவர் கிராம்வெலின் கீழ் உளவு வேலை பார்த்தவர். 1660இல் மன்னராட்சி மீண்டதும் கட்சி மாறி, சார்லஸின் மரணத் தண்டனையில் பங்கேற்றவர்களில் மூவரை 1662இல் ஹாலந்தில் பிடித்துக் கொடுத்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் அவருடைய பழைய படைத்தலைவர். இப்படி இரு ஆட்சிகளிலும் செழித்தவர் 1680களில் இலாபத்துக்காக அவசர அவசரமாகக் கட்டிய வீடுகளில் ஒன்றுதான் பிரதமரின் இருப்பிடமான பத்தாம் எண் இல்லம். இரண்டாம் ஜார்ஜ் அதை முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலுக்குத் தர முன்வந்தபோது, தமக்கென ஏற்காமல் கருவூலத்தின் முதல் பிரபு என்ற பதவிக்குரியதாகவே வால்போல் ஏற்று, 1735இல் குடியேறினார். கதவின் பித்தளைத் தபால் பெட்டித் தகட்டில் பிரதமர் என்ற சொல் இன்றும் இல்லை, அந்தப் பழைய பதவிப் பெயரே உள்ளது. சுவரின் கருமையும் இயல்பானதன்று. மஞ்சள் செங்கல்லை நிலக்கரிப் புகை கறுப்பாக்கியிருந்தது 1960களை ஒட்டிய பழுதுபார்ப்பின்போது தெரியவரவே, மக்கள் பழகிய தோற்றம் கெடாதிருக்கச் சுத்தம் செய்த சுவருக்கு மறுபடி கறுப்பு வண்ணம் பூசினார்கள். 1989இல் வைத்த இரும்பு வாயிலுக்கு அப்பால் பொதுமக்கள் செல்ல முடியாது.

அடுத்துள்ள வெளியுறவு அலுவலகக் கட்டடத்தில் தமிழ் வாசகர் சற்று நின்று போவது தகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி 1858இல் முடிந்த பின், சென்னை மாகாணம் உட்பட இந்தியா முழுவதையும் மேற்பார்த்த இந்தியா அலுவலகம் 1947 வரை இங்குதான் இயங்கியது. கட்டடத்தின் பின்புறம், பூங்காவை நோக்கி இறங்கும் படிக்கட்டின் தலைப்பில், 1744இல் சென்னைக்குக் கம்பெனி எழுத்தராக வந்திறங்கிய ராபர்ட் கிளைவின் சிலை நிற்கிறது. பீடத்தைச் சுற்றிப் பதித்த மூன்று வெண்கலப் புடைப்புச் சிற்பங்களில் முதலாவது 1751ஆம் ஆண்டின் ஆர்க்காட்டு முற்றுகை. பிளாசிப் போருக்கு முந்திய இரவு அடுத்தது. வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையை 1765இல் முகலாயப் பேரரசர் வழங்கும் காட்சி மூன்றாவது. குமாஸ்தாவாக வந்தவர் நாடு பிடித்த வரலாற்றை இத்தனை சுருக்கமாகச் சொல்லும் கல் வேறில்லை. 2020இல் இதை அகற்றவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சிலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒயிட்ஹால் சாலையின் நடுவே உள்ள செனோடாஃப், அதாவது உடல் வைக்கப்படாத வெறுங்கல்லறை, புது தில்லியை வடிவமைத்த அதே எட்வின் லுட்யென்ஸ் 1920இல் அமைத்த போர் நினைவுச் சின்னம்.

நாடாளுமன்றச் சதுக்கத்தில் பன்னிரண்டு சிலைகள் உள்ளன. கூட்டம் சர்ச்சிலைச் சுற்றியே மொய்க்கும். ஆயினும் கவனித்துப் பார்க்க வேண்டியவர்கள் காந்தியும் தென்னாப்பிரிக்காவின் ஜான் ஸ்மட்ஸும். 2015இல் நிறுவப்பட்ட காந்தி சிலை, 1931இல் அவர் டவுனிங் தெருப் பத்தாம் எண் இல்லத்துக்கு வெளியே சால்வை போர்த்தி நின்ற புகைப்படத்தைத் தழுவியது. தென்னாப்பிரிக்காவில் அவரைச் சிறையிலடைத்த அமைச்சர் ஸ்மட்ஸ். அங்கு இந்தியர் உரிமைக்காகக் காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். அவ்வாறு சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை அங்கிருந்து நோயோடு மீண்டு 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தார். அவ்வாண்டு நாடு திரும்புமுன், சிறையில் தாம் தைத்த செருப்பு ஒரு சோடியைக் காந்தி ஸ்மட்ஸுக்குப் பரிசாகத் தந்தார். அவற்றைப் பல கோடைக்காலம் அணிந்ததாக 1939இல், காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி, ஸ்மட்ஸ் எழுதினார். இருவரும் இன்று ஒரே புல்வெளியின் ஓரத்தில் நிற்கிறார்கள். வள்ளியம்மைக்கு அங்கே கல் இல்லை.

1066 முதல் முடிசூட்டு விழாக்கள் நடைபெறும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்கு இந்த நடையில் நேரம் போதாது. அதற்குத் தனியே அரை நாள் வேண்டும். எதிரே கோபுரத்தோடு நிற்கும் நாடாளுமன்றம் பழைமையான தோற்றம் காட்டினாலும் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டினது. பால் கணக்குக்குச் சுவரில் கோடு கிழிப்பது போல, அரசுக் கருவூலம் பல நூற்றாண்டுகளாகக் குச்சிகளில் வெட்டுக்குறியிட்டு வரவு வைத்துவந்தது. வழக்கொழிந்த அந்தக் குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த அடுப்புகளில் போட்டு எரித்ததில், பழைய கட்டடமே வெந்து போயிற்று. 1097இல் எழுப்பிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. நடுவில் ஒரு தூணும் இன்றி, சுவர்களிலிருந்து நீளும் உத்தரங்கள் தாங்கும் அதன் மரக்கூரையின் கீழேதான் சார்லஸ் விசாரிக்கப்பட்டார். வங்காளத்தின் தலைமை ஆளுநராயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கு 1788 முதல் 1795 வரை நடந்ததும் அங்கேதான். 1642 ஜனவரியில் ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்யப் படையோடு சார்லஸ் நுழைந்ததற்குப் பின் எந்த மன்னரும் காமன்ஸ் சபைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்க மன்னர் வரும் நாளில், அவருடைய தூதரின் முகத்தெதிரே சபைக் கதவு அறைந்து சாத்தப்பட, அவர் கருங்கோலால் மூன்று முறை தட்டிய பிறகே திறக்கப்படுகிறது.

நடை முடியும் இடத்தில், அந்த மண்டபத்தின் வெளியே, வாளும் விவிலியமும் ஏந்திய கிராம்வெலின் சிலை உள்ளது. சாலைக்கு அப்பால் செயின்ட் மார்கரெட் தேவாலயச் சுவரிலிருந்து சார்லஸின் மார்பளவுச் சிலை அவரைப் பார்த்தபடி இருக்கிறது. கிராம்வெல் சிலைக்கு அரசுப் பணம் ஒதுக்கும் திட்டம் அயர்லாந்து உறுப்பினர்களின் கடும் எதிர்ப்பால் 1895இல் கைவிடப்பட்டது. அயர்லாந்தில் அவர் படை செய்த கொலைகளை அவர்கள் மறக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிறுவப்பட்ட அச்சிலையின் செலவை, முன்னாள் பிரதமர் ரோஸ்பரி பெயர் சொல்லாமல் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்.