மகிழுந்துக்கு எந்தப் பெட்ரோல்?

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூருக்கு வருபவர் இடையில் எந்த எண்ணெய் நிலையத்தில் நின்றாலும், பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்ரோலைக் காண்பார். மஞ்சள் கைப்பிடி ரோன் 95. பச்சைக் கைப்பிடி ரோன் 97. விலை கூடியதே இயந்திரத்துக்கு நல்லது என்று பலர் நம்புகின்றனர். பெருநாளுக்கு ஊர் புறப்படும்போது மட்டும் வண்டிக்குச் ‘சத்தாக’ இருக்கட்டும் என்று ரோன் 97 நிரப்புவோரும் உண்டு.

உண்மையில், ரோன் என்பது பெட்ரோலின் ஆற்றலையோ தூய்மையையோ குறிக்கும் எண் அன்று. அழுத்தத்திற்கு உள்ளாகும்போது பெட்ரோல் தானாகத் தீப்பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையே அது காட்டுகிறது. இதனை அளக்க இரண்டு நீர்மங்களை அளவுகோலாகக் கொண்டுள்ளனர். எளிதில் தானாகப் பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100; எளிதில் பற்றும் ஹெப்டேனுக்கு 0. ஐசோ ஆக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் சேர்ந்த கலவைக்கு நிகராகத் தாக்குப்பிடிக்கும் பெட்ரோலே ரோன் 95.

இயந்திரத்தின் உருளைக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து அழுத்தப்படுகின்றன. பிறகு தீப்பொறி பட்டு அக்கலவை சீராக எரிய வேண்டும். அதற்குள் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தால் ‘டக் டக்’ என்ற ஒலி கேட்கும். இது தொடர்ந்தால் இயந்திரத்தின் பாகங்கள் பழுதாகும். ஆள்களையும் பைகளையும் நிறைத்துக்கொண்டு கெந்திங் மலையேறும்போது இயந்திரத்தின் சுமை மிகுவதால், இவ்வொலி எழும் வாய்ப்பும் கூடும். மாறாக, பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்தக் கவலை குறைவு.

டர்போ பொருத்தப்பட்ட அல்லது அதிக அழுத்தத்தில் இயங்கும் சில இயந்திரங்களுக்கு ரோன் 97 தேவைப்படுகிறது. அவற்றில் ரோன் 95 ஊற்றினால், இக்கால வண்டிகளில் உள்ள உணர்கருவி தானாக வெடிப்பதை உணர்ந்து தீப்பொறி எழும் நேரத்தைத் தள்ளிப்போடும். இயந்திரம் தப்பிக்கும், ஆனால் இழுவை குறையும். ரோன் 95க்காகவே வடிவமைக்கப்பட்ட பெரோடுவா மைவி போன்ற வண்டிக்கோ, ரோன் 97 ஊற்றுவதால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை.

நம் நாட்டில் 2009 செப்டம்பரில் ரோன் 92க்கு மாற்றாக ரோன் 95 வந்தது. இதற்கு அரசாங்கம் மானியம் வழங்குகிறது. ரோன் 97இன் விலையோ சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கும். 2025 செப்டம்பர் 30 முதல், ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்கள் அடையாள அட்டையைப் பயன்படுத்தி ரோன் 95ஐ லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வாங்கத் தொடங்கினர். ரோன் 97 லிட்டர் 3.20 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். 35 லிட்டர் நிரப்பினால் 42 ரிங்கிட் 35 சென் கூடுதலாகச் செலவாகும். ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகையா?

ஆகவே, அண்டை வீட்டாரைக் கேட்பதைவிட, எண்ணெய் மூடியின் உட்புறத்தையும் பயனர் கையேட்டையும் பார்ப்பதே நல்லது. அங்கே ‘குறைந்தபட்சம்’, ‘பரிந்துரை’ என்னும் சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘குறைந்தபட்சம் 95’ என்றிருந்தால் 95 போதும். ‘பரிந்துரை 97’ என்றிருந்தால், பெரும்பாலும் 95லும் வண்டி ஓடும்; முழுத் திறன் மட்டும் கிடைக்காது. ‘குறைந்தபட்சம் 97’ என்றிருந்தால், விலையைப் பார்த்துத் தயங்க இடமில்லை. பரிந்துரைத்த பெட்ரோலையே ஊற்றியும் ‘டக் டக்’ ஒலி நிற்கவில்லையா? உள்ளே கரி படிந்திருக்கலாம். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.